உறுப்பினரா, உறுப்பா?



‘உறுப்பினர்’ என்னும் சொல் இந்நாளில் மிகவும் மலிந்துவிட்டது. நூலகத்தில் உறுப்பினர், கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர், கட்சியில் உறுப்பினர். சந்தா செலுத்தினால் அட்டை கிடைக்கும்; செலுத்தத் தவறினால் பெயர் நீங்கும். ஆயினும் அச்சொல்லின் வேர் ‘உறுப்பு’ என்பதன்றோ? காலில் முள் தைத்தால் கண் கலங்குகிறது. கை விரைந்து சென்று அதனைக் களைகிறது. புனித பவுல் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில், திருச்சபையை உடலுக்கு ஒப்பிட்டு உணர்த்துவதும் இதுவே.

இவ்வுண்மையை ஆழ்ந்து சிந்திக்க, நம்மினின்று பெரிதும் வேறுபட்ட ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தாரை இம்மாதம் நோக்குவோம். அவர்கள்தாம் குவேக்கர்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் ஜார்ஜ் பாக்ஸ் (1624–1691) என்பவரது போதனையால் எழுந்தது இக்கூட்டம். அவர்கள் தம்மை ‘நண்பர்கள்’ என்றே அழைத்துக்கொண்டனர். ‘குவேக்கர்’, அதாவது ‘நடுங்குவோர்’ என்பது, பிறர் இட்ட ஏளனப் பெயர். ஒவ்வொரு மனிதனின் உள்ளத்திலும் கடவுளின் ஒளி உண்டென்பது அவர்களது அடிப்படை நம்பிக்கை. பழைய முறைப்படி வழிபடுவோரிடத்தில் குருவானவரும் இல்லை, பீடமும் இல்லை. மௌனமாய்க் கூடி அமர்ந்திருப்பர். உள்ளத்தில் ஏவுதல் பெற்றவர் எழுந்து சில சொற்கள் கூறி அமர்வார்.

தொடக்கத்தில் அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் தேவைப்படவில்லை. அவர்களுடைய கூட்டங்களைச் சட்டம் தடை செய்த அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். சிறை நேரிடும் என்று அறிந்தும் வந்து அமர்ந்தவரே நண்பர். பின்னர் 1737ஆம் ஆண்டில், ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கூட்டத்தைச் சார்ந்தவர் என்பதை இலண்டன் ஆண்டுக் கூட்டம் வரையறுத்தது. எதற்காக? வறுமையுற்ற நண்பரைத் தாங்கும் கடமை எந்தக் கூட்டத்தினுடையது என்பது தெளிவாக வேண்டும் என்பதற்காகவே. ஏழையின் பொருட்டு உண்டான பதிவேடு அது!

புதிதாய்ச் சேர விரும்புவோர்க்கும் அவர்களிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விரும்புகிறவர் கடிதம் எழுதுவார். கூட்டத்தார் இருவரை அவரிடம் அனுப்புவர். அவ்விருவரும் அவரோடு அமர்ந்து, அவர் நம்புவது யாது, தேடுவது யாது என்று மனம் விட்டு உரையாடித் திரும்புவர். பின்னர்க் கூட்டம் வாக்கெடுப்பின்றி, செபமௌனத்தில் ஒருமனப்பட்டு முடிவு செய்யும். சேருகிறவர் கூட்டத்தைத் தம்முடையதாக ஏற்கிறார். கூட்டமும் அவரது வாழ்வைத் தன் பொறுப்பாக ஏற்கிறது.

அங்ஙனமாயின், உறுப்பினரின் வாழ்வு நெறி தவறும்போது கூட்டம் அவரைக் கேள்வி கேட்கலாமா? இக்கேள்வி 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குவேக்கர்களை உலுக்கியது. அவர்களுள் பலர் அடிமைகளை உடையவராயிருந்தனர். நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜான் உல்மன் (1720–1772) இளைஞராயிருந்தபோது, ஓர் அடிமைப் பெண்ணுக்குக் கிரயச் சீட்டு எழுதும்படி அவருடைய முதலாளி பணித்தார். எழுதிக் கொடுத்தார், ஆனால் அவர் மனச்சான்று அமைதி இழந்தது. அது முதல், அடிமைகளை வைத்திருந்த நண்பர்களின் வீடுதோறும் சென்று அன்போடு வழக்காடினார். அவ்வீடுகளில் விருந்தினராய்த் தங்க நேர்ந்தால், தமக்கு ஊழியம் செய்த அடிமைகளுக்கு உரிய கூலியைக் கொடுத்தே புறப்பட்டார். 1758இல் பிலதெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருந்தோரைச் சந்தித்து அறிவுறுத்த ஒரு குழுவை அமைத்தது. உல்மனும் அதில் ஒருவர். 1776இல் அக்கூட்டம் இறுதி முடிவுக்கு வந்தது: அடிமையை விடுவிக்க மறுப்பவர் உறுப்பினராய் நீடிக்க இயலாது. அம்முடிவைக் காண உல்மன் உயிரோடு இல்லை.

திருவருட்சாதனங்களை அவர்கள் வெளிச்சடங்காகக் கொள்வதில்லை. இதில் நாம் அவர்களோடு உடன்பட இயலாது. ஞானஸ்நானத்தில் இறைவனே முந்திக்கொண்டு நம்மைத் தம் மக்களாக்குகிறார் என்றும், நற்கருணையால் நம்மை ஓருடலாக்குகிறார் என்றும் நம்புகிறோம். குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிப்பதும் அதனாலேயே. எனினும், பிரிந்த சகோதரரிடத்தில் விளங்கும் நன்மைகளை மகிழ்வோடு ஏற்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் நமக்குக் கற்பித்தது. கேட்டுப் பெறாத கொடையைப் பெற்ற நாம், அக்கொடைக்கேற்ப வாழ்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது தகும்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் நம் பெயர் உள்ளது. திருமணப் பதிவேட்டிலும் உள்ளது. ஆனால் பங்கில் ஒரு குடும்பம் கடனில் மூழ்கும்போது அதனைத் தாங்குவது நம் கடமை என்று கருதுகிறோமா? மூன்று மாதமாய்த் திருப்பலிக்கு வராத அண்டை வீட்டாரைத் தேடி இருவராவது சென்றோமா? ஒரே பீடத்தில் நற்கருணை உட்கொண்டு, கல்லறையில் மட்டும் சாதியின் பேரால் எல்லை வகுப்போமானால், உல்மன் நம் இல்லத்திற்கு விருந்தினராய் வந்து என்ன கேட்பார்? வரதட்சணை பேசும் திண்ணையில் அமர்ந்து என்ன கேட்பார்?

இக்கேள்விகளைப் பிறர் மீது வீசுதல் எளிது. உல்மன் வீசவில்லை, வீடு சென்று, அமர்ந்து, அன்போடு கேட்டார். முதலில் நம் இல்லத்துச் செபவேளையில் சற்று நேரம் மௌனமாயிருந்து இவற்றை நம்மிடமே கேட்போம். பின்னர் இம்மாதத்திலேயே, நாம் மறந்துவிட்ட ஓர் இல்லத்தின் படியேறுவோம்.

நம்மைத் தம் திருவுடலின் உறுப்புகளாக்கிய ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக!