உதவியின் கணக்கு யாருக்கு?

சென்ற ஆண்டு எங்கள் மாணவர் குழு ஈப்போவுக்கு வெளியே உள்ள ஒரு பழைய ரப்பர் தோட்டத்திற்குச் சமூகச் சேவைக்காகச் சென்றது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, இளையோரில் பலர் பட்டணத்துக்குப் போய்விட்ட தோட்டம் அது. இரண்டே நாளில் மண்டபத்துக்குச் சாயம் அடித்தோம். மூன்று கணினிகளும் இருநூறு நூல்களும் கொண்ட ஒரு சிறு நூலகம் அமைத்தோம். பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டோம். நன்கொடை தந்தவர்களுக்கு வண்ணப் படங்களோடு முப்பது பக்க அறிக்கையும் அனுப்பினோம். பாராட்டுக் கிடைத்தது.

எட்டு மாதம் கழித்து, கோயில் திருவிழாவுக்காக அதே தோட்டத்திற்குப் போனேன். மண்டபத்தில் நூலக அறை பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "சாவி எங்ககிட்ட இல்லம்மா. உங்க ஆளுங்கதான் பூட்டிட்டுப் போனாங்க. நீங்க மறுபடி வருவீங்கன்னு பிள்ளைங்க ரொம்ப நாள் கேட்டுக்கிட்டு இருந்துச்சுங்க" என்றார். பிறகுதான் தெரிந்தது, சாவி பட்டம் பெற்றுப் போய்விட்ட ஒரு மூத்த மாணவரின் மேசை அறையில் இருந்தது. முப்பது பக்க அறிக்கையில் ஒரு பக்கம்கூட அந்தத் தோட்ட மக்களுக்குப் போகவில்லை. அவர்களிடம் என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

அன்பு வாசகர்களே, எங்கள் தவறு சிறியது. ஆனால் இதே தவறு கோடிக்கணக்கான டாலர் செலவில், உலக அளவில் நடந்திருக்கிறது என்பதையும், அதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்களுள் நம் தமிழர்களும் உண்டு என்பதையும் அதன் பிறகு படித்தபோதுதான் உணர்ந்தேன்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை யாரும் மறந்திருக்க முடியாது. நம் நாட்டிலேயே பினாங்கு, கெடா கடலோரங்களை உள்ளிட்டு 68 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் இறந்தோர் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். அவர்களுள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அப்போது நான் கைக்குழந்தை. புந்தோங்கில் எங்கள் வரிசையில் வீடு வீடாக அரிசியும் துணியும் சேர்த்ததாகவும், தாம் இரண்டு சேலைகள் கொடுத்ததாகவும் அம்மா இன்றும் சொல்வார்.

அந்தச் சேலைகள் எங்குப் போயினவோ தெரியாது. ஆனால் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணிகள் மலையாகக் குவிந்து, எடுப்பாரின்றி மண்ணில் மக்கியதை அக்காலச் செய்திகளில் படிக்கலாம். கடலை நம்பி உழைத்து வாழ்ந்த அம்மக்கள், வீட்டை இழந்திருந்தாலும், பிறர் உடுத்திக் கழித்த துணியை உடுத்த விரும்பவில்லை. கொடுத்த அம்மாவின் மனத்தில் குறையில்லை. கேட்காமல் கொடுத்ததுதான் குறை.

துணியோடு இது முடியவில்லை. உலகெங்கிலுமிருந்து ஆழிப்பேரலை நிவாரணத்திற்குத் திரண்ட தொகை ஏறத்தாழ 1,350 கோடி அமெரிக்க டாலர். இவ்வளவு பணத்தை விரைவாகச் செலவழித்துக் காட்ட வேண்டிய நெருக்கடி தொண்டு நிறுவனங்களுக்கு ஏற்பட்டது. ஆகவே படத்தில் நன்றாகத் தெரியும் பொருள்களையே பலரும் தேடினார்கள். படகு அப்படிப்பட்ட பொருள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல ஊர்களில் அலைக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான படகுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கடலுக்கே ஏற்றவையல்ல. கட்டுமரம் இருந்த இடத்தில் கண்ணாடியிழைப் படகு வந்தது. மீனோ பெருகவில்லை. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இதை அப்போதே எச்சரித்தது. மறுபுறம், வயலில் உப்புநீர் ஏறியதால் வேலையிழந்த விவசாயக் கூலிகளுக்கும், படகே இல்லாத இருளர் மக்களுக்கும் உதவி பிந்தியே வந்தது, அல்லது வரவேயில்லை.

வீடுகளின் கதையும் இதுதான். குத்தகைக்காரர்கள் மரங்களை வெட்டி, நிலத்தை மட்டமாக்கி, வரிசை வரிசையாகக் காங்கிரீட் வீடுகளைக் கட்டினார்கள். வலை பின்னவும் மீன் காயவைக்கவும் மாலையில் கூடிப் பேசவும் அம்மக்களுக்கு அந்த மர நிழல் எவ்வளவு வேண்டும் என்பதை யாரும் கேட்கவில்லை. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு நிழலின் அருமை தெரியும்.

இவற்றையெல்லாம் வெளியார் மட்டும் சொல்லவில்லை. உதவி நிறுவனங்களே ஒன்றுகூடி அமைத்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006இல் தன் அறிக்கையை வெளியிட்டது. முதல் சில நாள்களில் உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்களே என்றும், வெளியிலிருந்து வந்தவர்கள் அம்மக்களின் திறனைப் பல இடங்களில் ஒதுக்கித் தள்ளினார்கள் என்றும் அது ஒப்புக்கொண்டது. பொருளைக் கொண்டுவந்து கொடுப்பதை விட்டு, மக்கள் தாமே மீண்டெழத் துணை நிற்பதே நிறுவனங்களின் வேலையாக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அப்படியானால் சரியாகச் செய்தவர்களே இல்லையா? இருந்தார்கள். 2005 சனவரியிலேயே நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு, மீனவர் கூட்டமைப்பும் சினேகா என்னும் உள்ளூர்ப் பெண்கள் அமைப்பும் முன்னின்று, தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. எந்த ஊரில் என்ன தேவை, யார் என்ன செய்கிறார் என்ற பட்டியல் அங்கிருந்தது. பின்னர் ஊர்த் தகவல் மையங்களும் திறக்கப்பட்டன. வந்து இறங்கும் நிறுவனம் தன் விருப்பப்படி ஊரைத் தேர்ந்தெடுப்பதை இது ஓரளவு தடுத்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். "ஊராரிடம் கேளுங்கள் என்கிறாயே, ஊரார் என்றால் யார்?" நியாயமான கேள்வி. நாகைக் கடலோரத்தில் மீனவர் பஞ்சாயத்துகள் கட்டுக்கோப்போடு நிவாரணத்தைப் பங்கிட்டன. ஆயினும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் வரி கட்டும் ஆண்களே. கணவனை இழந்த பெண்களும் தலித் குடும்பங்களும் பல இடங்களில் விடுபட்டனர். நம் தோட்டங்களிலும் கோயில் தலைவர் சொல்வதே ஊர்ச் சொல்லாகிவிடுவதை நாம் பார்த்ததில்லையா? ஆகவே தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் மக்களிடம் கேட்டதாக ஆகாது. எல்லாருக்கும் தெரியும் இடத்தில், எல்லாருக்கும் புரியும் மொழியில், கணக்கை வெளிப்படையாக வைக்க வேண்டும். யார் பெயர் விடுபட்டதோ அவர் வந்து கேட்க அப்போதுதான் வழி பிறக்கும்.

இது நடக்காத கனவல்ல. இராசத்தானில் ஒரு தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் ஊர் நடுவே மக்களைக் கூட்டி, அரசாங்கச் செலவுக் கணக்கை உரக்கப் படித்துக் காட்டியது. கூலி வாங்கியதாக எழுதப்பட்டவர் எழுந்து, "நான் வாங்கவில்லை" என்றார். கட்டியதாகச் சொன்ன கட்டடம் எங்கே என்று மக்கள் கேட்டார்கள். அந்தப் போராட்டம் 2005இல் இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வழிகோலியவற்றுள் ஒன்று. படிப்பறிவு குறைந்த ஏழை மக்களால் கணக்குக் கேட்க முடியுமென்றால், நம் மக்களால் முடியாதா?

நம் பேராக்கிலேயே இதற்கு ஒரு வேர் உண்டு. வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எந்த நாட்டின் நன்கொடையும் அன்று. நிர்வாகத்தில் குறை கண்டால் எழுந்து கேட்க உறுப்பினருக்கு உரிமை இருந்தது, ஏனெனில் அது அவருடைய பணம். உதவி பெறுபவர்க்கும் இந்த உரிமை வேண்டும் என்பதே என் வாதம். பணம் பிறருடையதாக இருக்கலாம். ஆனால் அவருடைய பெயரைச் சொல்லித்தான் அது திரட்டப்பட்டது.

பெரிய நிறுவனங்கள் இதை அறியாதவை அல்ல. 2016இல் இசுதான்புல்லில், உதவி நிதியில் 25 விழுக்காட்டை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்குக் கூடுமானவரை நேராகத் தருவதாக அவை உறுதி கூறின. அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2025இல் அமெரிக்க அரசாங்கம் தன் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட்டைக் கலைத்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்த பல மருத்துவ நிலையங்கள் ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் மூடப்பட்டன. எங்கோ ஒரு தலைநகரத்தில் எடுத்த முடிவால், தாம் ஒன்றும் அறியாத நோயாளிகள் மருந்தின்றி நின்றார்கள். அந்தத் தோட்டத்துப் பூட்டிய அறைதான் இங்கும் என் நினைவுக்கு வருகிறது.

வள்ளுவர் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவுக்குத் தனி அதிகாரம் வைத்தார். ஊருக்கு உதவுபவனின் செல்வத்தை அவர் ஊருணியில் நிறைந்த நீருக்கும், ஊருக்குள்ளே பழுத்த மரத்துக்கும் ஒப்பிடுகிறார். ஊருணியும் மரமும் ஊரிலேயே நிற்பவை. யார் வேண்டுமானாலும் போய் நீர் மொள்ளலாம். நன்றி சொல்லிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆகவே மாணவர்களாகிய நாம் அடுத்த சமூகச் சேவைக்குப் புறப்படும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இதைக் கேட்டவர் யார்? கணக்கை அவ்வூரில் யார் பார்ப்பார்? நாம் திரும்பிய பிறகு இதை யார் நடத்துவார்? விடை இல்லையென்றால் புறப்பட வேண்டாம். முதலில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம்.

நான் சாவியைத் தேடி வாங்கிவிட்டேன். வரும் விடுமுறையில் அந்தத் தோட்டத்தில் ஒரு கூட்டம் வைக்கக் கேட்டிருக்கிறோம். ஆண்கள் மட்டுமல்லாமல் பாட்டிமார்களும் பிள்ளைகளும் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டுவோம். நூலகம் வேண்டாம், தையல் இயந்திரம் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். சாவி இனி அங்கேயே இருக்கும்.