உரிமை என்ன, பிச்சையா?

மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாமா?

"வாங்கலாம்" என்றது, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்த சட்டம். 1860-ல் அங்கே ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பர்கள் அடிமைகள். ஆடு மாடுகளைப் போல அவர்களை விற்றார்கள். தாய் ஒரு பண்ணையில். பிள்ளை ஒரு பண்ணையில்!

அப்படித் தாயைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைதான் பிரெடரிக் டக்ளஸ். 1818-ல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர். பிறந்த தேதி அவருக்கே தெரியாது.

எதிரி காட்டிய வழி

பால்டிமோர் நகரில் ஒரு வீட்டில் சிறுவனை வேலைக்கு விட்டார்கள். அந்த வீட்டு அம்மாள் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். கணவர் தடுத்துவிட்டார். "படித்துவிட்டால் இவன் அடிமையாக இருக்கமாட்டான்" என்பது அவருடைய பயம்.

சிறுவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். விடுதலைக்கு வழி எது என்பதை எஜமானே சொல்லிவிட்டார்! தெருவில் இருந்த ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்தான். அவர்களிடம் பாடம் கற்றான்.

வளர்ந்ததும் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. கூலி முழுவதும் எஜமானுக்கு! 6 டாலர் கொண்டுவந்து கொடுத்தால், சில சமயம் 6 சென்ட் திருப்பிக் கொடுப்பார். (100 சென்ட் சேர்ந்தால்தான் ஒரு டாலர்.) அது தாராளம் என்று எஜமானுக்கு நினைப்பு. டக்ளஸ் வேறு கணக்குப் போட்டார். "கொஞ்சம் திருப்பித் தருகிறார் என்றால், முழுப் பணமும் என்னுடையது என்பது அவருக்கே தெரிகிறது!"

1838-ல் அவர் தப்பி ஓடினார். பிறகு ஊர் ஊராகப் பேசினார், பத்திரிகை நடத்தினார்.

அவருடைய கொள்கை எளிமையானது. என் உடம்பு எனக்குச் சொந்தம். என் உழைப்பு எனக்குச் சொந்தம். இந்த உரிமை பிறக்கும்போதே வந்தது. அரசாங்கம் போட்ட பிச்சை அல்ல. அந்த உரிமைக்குக் காவல் நிற்பதுதான் அரசாங்கத்தின் வேலை.

காவல்காரனே திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் நண்பர்கள் இருவர் பிரிந்தார்கள்.

எரிப்பதா? படிப்பதா?

வில்லியம் லாயிட் காரிசன் வெள்ளைக்காரர். அடிமை முறையை உயிருள்ளவரை எதிர்த்தவர். அமெரிக்க அரசியல் சட்டம் அடிமை முறைக்குத் துணை போகிறது என்றார் அவர். அதில் நியாயம் உண்டு. தப்பி ஓடியவனைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்ன சட்டம் அது. காங்கிரஸ் சபைக்கு இடம் ஒதுக்கும்போது, 5 அடிமைகளை 3 பேராகக் கணக்கிட்ட சட்டம் அது. 1854 ஜூலை 4 அன்று, கூட்டத்தின் நடுவே அதன் பிரதியை அவர் எரித்தார்.

டக்ளஸும் முதலில் காரிசன் பக்கம்தான். 1851-ல் மாறினார். சட்டத்தை வரி வரியாகப் படித்தார். "அடிமை" என்ற சொல்லே அதில் இல்லை! மக்கள் என்று இருந்தது. வெள்ளை மக்கள் என்று இல்லை. "அப்படியானால் இது எங்களுக்கும் சட்டம்தான். இதைக் கொண்டே அடிமை முறையை ஒழிப்போம்" என்றார்.

காரிசனின் கோபம் நியாயமானது. ஆனால் டக்ளஸின் வழியே சிறந்த வழி. எரித்தால் சாம்பல் மிஞ்சும். படித்தால் கேள்வி கேட்கலாம்.

1863-ல் டக்ளஸ் ஜனாதிபதி லிங்கனையே நேரில் கேட்டார்: "கறுப்புச் சிப்பாய்க்கு மட்டும் ஏன் குறைந்த சம்பளம்?" மறு ஆண்டு காங்கிரஸ் சபை சம சம்பளம் வழங்கச் சட்டம் செய்தது. 1865-ல், பெரும் போருக்குப் பிறகு, அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அடிமை முறை ஒழிந்தது. 1870-ல் இன்னொரு திருத்தம்: நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது!

அதோடு கதை முடிந்ததா? இல்லை. தென் மாநிலங்களில் பரீட்சை, வரி என்று தந்திரம் செய்து கறுப்பர்களின் ஓட்டைத் தடுத்தார்கள். 1965-ல் வந்த ஓட்டுரிமைச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. அந்தச் சட்டத்துக்கு அடிப்படை, 1870-ல் எழுதிவைத்த அதே திருத்தம்!

சட்டம் தானாக நடக்காது. அதைப் படித்து, "இது என் உரிமை" என்று கேட்க ஆள் வேண்டும். "படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான்" என்று அந்த எஜமான் பயந்தாரே, அவர் பயந்தது சரிதான்!