சிகிச்சை முடிந்தும் தீராத வலி



புற்றுநோய் சிகிச்சை முடிந்தவரிடம், "அதான் குணமாயிடுச்சே, இன்னும் என்ன வலி?" என்று கேட்காதீர்கள். பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் நரம்பைப் பாதிக்கும். கை, கால் விரல்களில் எரிச்சலும் மரத்துப்போவதும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் இந்த வலிக்குப் பரிந்துரைத்த மருந்து டுலோக்செடின் ஒன்றுதான். அதன் பலனும் ஓரளவுதான்.

அதனால்தான் வலியைச் சமாளிக்கச் சொல்லித்தரும் இணையவழிப் பயிற்சியை நான் ஆதரிக்கிறேன். மூச்சைச் சீராக்குவது, வலி ஏறுமுன் வேலையை நிறுத்தி ஓய்வெடுப்பது, 'இனி அவ்வளவுதான்' என்ற எண்ணத்தை மாற்றுவது எல்லாம் பழகினால் வரும். மரத்த காலோடு பஸ் ஏறி அலையவும் வேண்டாம்.

பயிற்சி என்றதும் வலி மனப்பிரமை என்று நினைக்காதீர்கள். நரம்பு பாதிக்கப்பட்டது உண்மை. மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். மரத்த விரலால் போனைத் தொட்டு இயக்குவது சிரமம். வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து உதவுங்கள்.