வசூல் கோடியும் ஆய்வேட்டின் அடிக்குறிப்பும்

2022 ஏப்ரல் 13இல் ‘பீஸ்ட்’, மறுநாள் ‘கே.ஜி.எஃப். 2’. அக்கோடைப் போட்டியில் வென்றது எது என்று ரசிகர்கள் இன்னும் கோடிகளைச் சொல்லி மோதுகின்றனர். புனேயின் தாபோடியில் இருந்துகொண்டு சென்னை வசூலுக்காக வாதாடும் தமிழ் இளைஞருக்கும், சென்னையிலேயே இருப்பவருக்கும் கைச்சரக்கு ஒன்றே: தயாரிப்பாளரின் விளம்பரம், ‘டிரேடு’ கணக்குகளின் ட்வீட்.

அந்தக் கோடி எதைக் குறிக்கிறது? வரி சேர்ந்த மொத்தத்தையா, வரி நீங்கிய நிகரத்தையா, திரையரங்கின் பங்கு போக விநியோகஸ்தரை அடைந்த ‘ஷேரை’யா? மூன்றும் வெவ்வேறு தொகைகள். ஒரு படத்தின் மொத்தத்தை மற்றதன் ஷேரோடு நிறுத்தால் எந்தப் படமும் வெல்லும்.

ரசிகர் விளம்பரத்தை நம்பட்டும். அவர் ஆய்வாளர் அல்லர். அதே ட்வீட்டை ‘இரண்டாம் நிலைத் தரவு’ என்று ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ஏற்றி, அதன்மேல் ‘வெகுமக்கள் ஏற்பு’ என்றொரு அத்தியாயத்தையே எழுப்புவதுதான் பொறுக்கத்தக்கதன்று. (நெறியாளரும் கையொப்பமிடுகிறார்!) கோடி, சீட்டின் விலையேற ஏறும், தலைகளின் எண்ணிக்கை அவ்வாறு ஏறாது. பிரான்சின் தேசியத் திரைப்பட மையம் விற்ற சீட்டுகளை எண்ணி வெளியிடுகிறது. தென்கொரியாவில் திரையரங்குக் கணினிகளை இணைத்த பொதுத் தரவுத்தளம் நாள்தோறும் பார்வையாளர் தொகையைத் தருகிறது. 1964இல் புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைத்த இந்திய அரசு, சீட்டுகளை எண்ணிச் சொல்ல ஒன்றும் அமைக்கவில்லை.

இங்கும் சீட்டுக்குச் சரக்கு–சேவை வரி உண்டு. எனவே கணக்கு எழுதப்படுகிறது, பொதுவில் வைக்கப்படுவதில்லை. அதை வெளியிடுமாறு வற்புறுத்தவேண்டிய திரைப்பட ஆய்வுத்துறைகள் ட்வீட்டை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கின்றன.