விளக்கு அணைய வேண்டிய நேரம்

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறை போய்ச் சேரும்போது, மலைப்பாதையோடு தலையும் சுற்றாமலிருந்தால் அது பெரிய பாக்கியம். நமக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ஆகவே மாலையில் நண்பர் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்தபடி தேயிலைச் சரிவுகளைப் பார்த்துக் கொண்டிருந்தோம். திடீரென்று எதிர் மேட்டில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னத் தொடங்கிற்று.

"யானை வந்திருக்கிறது. இன்றைக்கு உலாவப் போக வேண்டாம்" என்றார் நண்பர், தபால்காரர் வந்திருக்கிறார் என்று சொல்வது போல.

உள்ளே கூடத்தில் அவருடைய புதல்வன் கம்ப்யூட்டருடன் மல்லாடிக் கொண்டிருந்தான். 1998-ம் வருஷம் வெளிவந்த 'ஸ்டார்கிராப்ட்' என்னும் யுத்த விளையாட்டில், ஆடுகிறவர்களே புதிய நிலப்படங்களைச் சிருஷ்டித்துக் கொள்ள ஒரு கருவி உண்டு. பையன் வால்பாறையையே சிருஷ்டித்திருந்தான். தேயிலைத் தோட்டமும் லயன் வீடுகளும் அவன் மனத்தில். திரையில் இருந்தது ஒரு நாற்கால் பிராணி. அதுதான் யானை! அது வீடுகளை நெருங்கினால், "யானை வருகிறது" என்ற எழுத்துக்கள் தோன்ற வேண்டும்.

இதற்கு அவன் எழுதும் கட்டளைக்கு 'டிரிக்கர்' என்று பெயர். துப்பாக்கியின் விசை என்று பொருள். அதில் இரண்டு பாகங்கள்: ஒன்று நிபந்தனை, மற்றொன்று செயல். நிபந்தனை நிறைவேறினால் செயல் நடக்கும். முதல் தடவை யானை வந்தது, எழுத்துக்கள் தோன்றின. யானை போய்த் திரும்பி வந்தது. திரை மௌனம் சாதித்தது.

"ஏன் மாமா?" என்று பையன் நம்மைக் கேட்டான். நாமும் திரையைப் போலவே மௌனம் சாதித்தோம்.

பிறகு அவனே கண்டுபிடித்தான். அந்த விசை ஒரு தடவை இயங்கியதும் ஆயுள் முடிந்துவிடுமாம். 'பிழைத்திரு' என்று தனியே ஒரு கட்டளை சேர்த்தால்தான் மறுபடியும் இயங்கும். சேர்த்தான். இப்போது வந்தது வேறு வினை. கம்ப்யூட்டர் சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு முறை நிபந்தனையைச் சோதிக்கிறது. யானையோ அசையாமல் நின்றது. "யானை வருகிறது, யானை வருகிறது" என்று திரை கல்யாண வீட்டு ஒலிபெருக்கியைப் போல் ஓயாமல் கதறிற்று. ஒரு நிமிஷத்தில் அதைப் படிப்பதையே நாம் விட்டுவிட்டோம்.

மூன்றாம் முயற்சி பலித்தது. அந்தக் கருவியில் ஸ்விட்சுகளும் உண்டு. யானை உள்ளே இருந்து, ஸ்விட்சு அணைந்தும் இருந்தால் மட்டும் எச்சரி. உடனே ஸ்விட்சைப் போடு. யானை வெளியேறிய பிறகு ஸ்விட்சை அணைத்துவிடு. இரண்டாவது விசை இல்லாவிட்டால் முதல் விசையால் பிரயோஜனமில்லை!

நமக்கு எதிர் மேட்டு விளக்கு ஞாபகம் வந்தது. வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலைக் காடுகள். யானைகளுக்கு அது பரம்பரை வழி. பஸ்ஸிலிருந்து இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடந்த தொழிலாளிகள், யானை நிற்பது தெரியாமலே உயிரிழந்ததுண்டு. 'நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன்' என்னும் ஸ்தாபனத்தார் ஆராய்ந்து, உள்ளூர்க் கேபிள் டெலிவிஷனிலும், கைத்தொலைபேசிச் செய்தியாகவும் யானை இருக்குமிடத்தை அறிவித்தார்கள். மேடுகளில் சிவப்பு விளக்குகளையும் நிறுவினார்கள். கைத்தொலைபேசியின் மூலமே அந்த விளக்கை இயக்கலாம். இப்பணிக்காக டாக்டர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் இங்கிலாந்தின் விட்லி பரிசு கிடைத்தது.

இங்கே நிபந்தனையைச் சோதிப்பது கம்ப்யூட்டர் அல்ல, மனிதர்கள். யானை வந்ததும் விளக்கை ஏற்றுவதற்கு அச்சமே போதும். அது போனதும் மறவாமல் அணைப்பதற்குத்தான் பொறுப்பு வேண்டும். எந்நேரமும் எரியும் விளக்கை யார் நம்புவார்கள்?

நமது தேசத்தில் எச்சரிக்கைப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. சாலை செப்பனிட்டு வருஷம் இரண்டாகியும் "வேலை நடக்கிறது" என்ற பலகை நிற்கும். உண்மையாகவே பள்ளம் தோண்டும் நாளில் அதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பலகை நடுகிறவர்களுக்கு இரண்டாவது விசையையும் யாராவது கற்றுக் கொடுத்தால் தேவலை.

மறுநாள் காலையில் எதிர் மேட்டைப் பார்த்தோம். விளக்கு அணைந்திருந்தது. நண்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாருங்கள், நடக்கலாம்" என்றார். நாமும் நம்பி நடந்தோம்.