பாண்டிக்கு ரயில்ல போங்கய்யா!

"ஒரே நாளில் பாண்டிச்சேரி: பார்க்க வேண்டிய 15 இடங்கள்"னு இன்னொரு பதிவு எழுத உக்காந்திருக்கற பதிவர் பெருமக்களே, ரெண்டு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிருங்க. அப்புறமும் போட்டே தீருவேன்னா போடுங்க. உங்க விசைப்பலகை, உங்க விருப்பம்.

நம்மாளு ஆன்சைட்ல பாரிஸ் போறான். சனிக்கிழமை காலையில மோன்பர்னாஸ் ஸ்டேஷன்ல ரயில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய சார்த்ர்ங்கற சின்ன ஊர்ல எறங்கறான். எதுக்கு? ஒரே ஒரு கோயிலுக்கு. 1194-ல் தீப்பிடிச்சு, திரும்பக் கட்டின பேராலயம். பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஜன்னல்கள். அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்து வலி வந்து, அந்த நீலக்கலரைப் பத்தி மட்டும் மூணு பாகத்துல தொடர் பதிவு எழுதறான். நல்லது, சந்தோஷம்.

அதே ஆளு ஊருக்கு வந்து பாண்டி போறப்ப என்ன பண்றான்? நாலு பேரா கார் எடுக்கறது. ஆரோவில், சுண்ணாம்பாறு போட், பாரடைஸ் பீச், மஞ்சச் சுவர் முன்னாடி ஒரு போட்டோ, அப்புறம் "அந்த" மேட்டர். பதிவோட தலைப்பு "மினி பிரான்ஸ்". பேராலயம்? "போற வழியில ஒரு சர்ச் இருந்துச்சு மச்சி."

என் கோவமே அந்த "ஒரு சர்ச்" மேலதான்.

அது மிஷன் வீதியில இருக்கற ஜென்மராக்கினி மாதா பேராலயம். ஊர்க்காரங்க வாயில சம்பா கோயில். செயின்ட் பால் பிரெஞ்சுல சேன் போல், அது நம்ம நாக்குல உருண்டு சம்பாவாயிருச்சு. முக்கியமா கவனிங்க, இது வெள்ளை நகரத்துல இல்ல. கால்வாய்க்கு இந்தப்பக்கம், தமிழர் பகுதியில இருக்கு. "மினி பிரான்ஸ்" தேடி வெள்ளை நகரத்தோட நிறுத்திக்கறவன் ஊரோட பெரிய பிரெஞ்சுக் கதையையே விட்டுட்டு வர்றான்.

அப்படி என்ன கதை? 1692-ல் ஏசு சபை பாதிரியார்கள் கட்டின கோயில், அடுத்த வருஷமே டச்சுக்காரங்க ஊரைப் பிடிச்சப்ப அழிஞ்சுது. திரும்பக் கட்டினாங்க. பக்கத்துலயே வேதபுரீஸ்வரர் கோயில். 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகை நடந்துட்டு இருக்கறப்ப, துய்ப்ளே ஆட்சியில, அந்தச் சிவன் கோயிலை இடிச்சாங்க. இதை அங்கயே இருந்து எழுதி வச்சவர் துய்ப்ளேயோட துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. சிலைகள் உடைஞ்சதும் அவர் நாட்குறிப்புல இருக்கு.

கதை இதோட முடியல. 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடிச்சுத் தரைமட்டமாக்கினப்ப இந்தச் சர்ச்சும் போச்சு. இன்னிக்கு நாம பாக்கறது அதுக்கப்புறம் எழுந்து 1791-ல் முடிஞ்ச கட்டடம். வேதபுரீஸ்வரரும் கொஞ்ச தூரத்துல, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில மறுபடி எழுந்தார். ரெண்டு கோயிலும் இடிபட்டுத் திரும்ப வந்தவங்க.

இன்னொண்ணும் அதே நாட்குறிப்புல இருக்கு. சம்பா கோயிலுக்குள்ளயே சாதி பிரிக்கற சுவர் ஒண்ணு இருந்துச்சு. 1745-ல் தலித் கிறிஸ்தவர்கள் கூட்டமாப் போய், எல்லாரும் ஒண்ணுன்னா இந்தச் சுவர் எதுக்குன்னு பாதிரியார்கிட்ட நியாயம் கேட்டிருக்காங்க. சுவர் இடிஞ்சுது. கிட்டத்தட்ட 280 வருஷத்துக்கு முன்னாடி நடந்த போராட்டம். உங்க 15 இடத்துல இது எத்தனாவது?

(இதைப் படிச்சுட்டு "பாத்தியா அவங்க இடிச்சதை"ன்னு ஒரு குரூப்பும், "பழசைக் கிளறாதே"ன்னு இன்னொரு குரூப்பும் பின்னூட்டத்துல கிளம்புவீங்க, தெரியும். சண்டைக்காக எழுதல. இடிச்ச லிஸ்ட்டுல டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலேயர் எல்லாரும் இருக்காங்க. நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க.)

எங்க ஊரு தம்மம்பட்டி. வாகை மரத்துல சாமி சிலை, வாகனம், கதவு நிலை செதுக்கற ஊரு. உளி பிடிக்கற தெருவுல வளந்தவனுக்கு, ஒரு சிலை முடிய எத்தனை நாள் ஆகும்னும் தெரியும், உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்னும் தெரியும். அதனாலயோ என்னவோ, இந்தக் கட்டடத்தை அஞ்சு நிமிஷ ஸ்டாப்பா எழுதறதப் பாத்தா பத்திக்கிட்டு வருது.

சரி, திட்டுனது போதும், திட்டத்துக்கு வருவோம்.

எங்க ஊருக்கு ரயில் கிடையாது. பஸ்ஸுல ஆத்தூர் போகணும். ஆத்தூர்ல காலையில ஏறி, பாண்டி பாத்துட்டு, அன்னிக்கே திரும்பற மாதிரி நேர் ரயிலும் கிடையாது. ஆனா சேலம் - எழும்பூர் ராத்திரி எக்ஸ்பிரஸ் ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம், விழுப்புரம் வழியாத்தான் போகுது. அதுல ஏறித் தூங்குங்க. விழுப்புரத்துல எறங்கி ஸ்டேஷன்ல ஒரு டீயைக் குடிச்சுட்டு, விடியக்காலைப் பாண்டி பாசஞ்சரைப் பிடிங்க. திரும்பவும் இதே மாதிரி, சாயங்காலம் விழுப்புரம், ராத்திரி சேலம் வண்டி. ரெண்டு ராத்திரி ரயில்ல, முழுப் பகல் ஊர்ல. ரூம் செலவு மிச்சம். கிளம்பறதுக்கு முன்னாடி நேரத்தை மட்டும் ஒருக்கா சரிபாத்துக்கங்க.

விழுப்புரம் - பாண்டி பாதை வெறும் 38 கி.மீ. 1879-ல் போட்டது. அப்போ அது பிரிட்டிஷ் மண்ணுல ஏறி பிரெஞ்சு மண்ணுல எறங்கற ரயில். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் தாண்டுனா பாண்டி. இந்த எல்லை தாண்டற கதை கார்ல போறவனுக்குக் கிடைக்குமா? அவனுக்குக் கிடைக்கறது டோல்கேட் ரசீதுதான் :-)

ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா கிட்டத்துலயே இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907-ல் திறந்தது, கோதிக் பாணி. காலை வெயில்ல கலர் கண்ணாடியைப் பாருங்க. சார்த்ர் போக விசா கிடைக்காதவங்களுக்கு இதான் சார்த்ர். அங்கிருந்து நடந்தே மிஷன் வீதி, சம்பா கோயில். உள்ள உக்காருங்க. அரை மணி நேரமாவது உக்காருங்க. அடுத்தது வேதபுரீஸ்வரர். மதியம் நடை சாத்திருவாங்க, அதுக்கு முன்னாடி போயிருங்க. அப்புறம் ரங்கப்பிள்ளை வீதியில பிள்ளை வாழ்ந்த வீடு, வெளிய நின்னாவது பாருங்க. சாப்பாடு. வெயில் தாழ கால்வாயைத் தாண்டி வெள்ளை நகரம், கடற்கரை, துய்ப்ளே சிலை. காலையில அவர் ஆட்சியில நடந்ததைத் தெரிஞ்சுக்கிட்டு சாயங்காலம் அவர் சிலை முன்னாடி நிக்கறப்ப, போட்டோவுக்கு வேற மாதிரிதான் முகம் வரும்.

"கார்ல போனா இன்னும் பத்து இடம் பாக்கலாமே தல?" பாக்கலாம். 15 ரெக்வயர்மெண்ட், ஒரு நாள் டெட்லைன்னு க்ளையண்ட் சொன்னா நாம எப்படிச் சிரிப்போம்? அதையேதான் நம்ம லீவு நாளுக்கும் பண்றோம். டெலிவரியும் அதே தரத்துலதான் இருக்கு.

"குழந்தைங்களோட ராத்திரி ரயில் மாறி மாறிப் போறது கஷ்டம்"னா, நியாயம். விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸுல வாங்க. கடைசி 38 கி.மீ. மட்டும் ரயில்ல போங்க. குழந்தைங்க உங்களை விட நல்லா வேடிக்கை பாக்கும்.

சார்த்ர்ல குடுக்கற மரியாதைல பாதியை சம்பா கோயிலுக்குக் குடுங்கன்னுதான் கேக்கறேன். அது பிரான்ஸோட மினி காப்பி இல்ல, நம்ம ஊரோட ஒரிஜினல்.

டிஸ்கி: "அந்த" மேட்டருக்காக மட்டும் பாண்டி போறவங்களுக்கு இந்தப் பதிவு செல்லாது. அவங்க வழக்கம்போல காரைத் தள்ளிக்கிட்டே வரலாம்.