கிளச் அறுந்த மாலை



வழக்கமாக இந்தப் பக்கத்தில் குடும்பம், பிள்ளைகள், மனச்சுமை என்றுதான் எழுதுவேன். இம்முறை ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். கார் ஓட்டாதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது உங்களுக்கும் சேர்ந்த கதைதான்.

சில மாதங்களுக்கு முன் விசுவமடுவில் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். காரை ஓட்டியவர் எங்கள் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா. 50 வயதைத் தாண்டியவர். 2009 இல் கணவரை இழந்தவர். பழைய சிறிய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டியே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். அவருக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். பின்னால் ஒரு தங்கை இருந்தாள். 2009 இல் அவளுக்கு 9 வயது. ஷெல் விழுந்ததில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தாள். இப்போது செயற்கைக் காலுடன் நடக்கிறாள்.

தர்மபுரம் தாண்டியதும் மாடுகள் குறுக்கே வந்தன. அக்கா கிளச்சை மிதித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். மிதி கீழே போய் அப்படியே கிடந்தது. அக்கா அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்து, கியரை நியூற்றலுக்கு இழுத்து, பிரேக் போட்டு ஓரமாக நிறுத்தினார்.

"கிளச் வயர் அறுந்து போச்சு, தங்கச்சி."

நேரம் 6 மணியைத் தாண்டியிருந்தது. இரண்டு பக்கமும் வயல். அந்த நேரத்தில் வெறும் தெருவில் நிற்பதென்றால் பெண்களுக்கு நெஞ்சு எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்னிடமும் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. சமூகவியலில் பட்டமும் இருக்கிறது. இரண்டும் அந்த இடத்தில் உதவவில்லை. யாருக்குப் போன் எடுக்கலாம் என்றுதான் நான் யோசித்தேன்.

"ஒருத்தரையும் கூப்பிட வேண்டாம். பரந்தனுக்குக் கிட்ட ஒரு கராஜ் இருக்கு. அதுமட்டும் போவம்" என்றார் அக்கா.

"கிளச் இல்லாமலோ?"

"ஓம். ஐயா காட்டித் தந்தவர்."

அக்காவின் தகப்பனார் வாகனச் சாரதி. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், 2002 இல் ஏ9 பாதை திறக்கும் வரை, வன்னியில் ஓர் உதிரிப்பாகம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று மூத்தவர்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. பழுதான வாகனத்தையும் எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும். அக்கா அருகில் இருந்து பார்த்துப் பழகியிருக்கிறார்.

கிளச் என்ன செய்கிறது? எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப் பெட்டிக்குக் கொடுப்பதும், மிதிக்கும்போது அதைப் பிரித்து விடுவதும் அதன் வேலை. வயர் அறுந்தால் பிரிக்க முடியாது. எஞ்சினும் சில்லும் ஒட்டியபடியே இருக்கும். அதனால்தான் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் போட முடியாது.

அக்கா எஞ்சினை முழுதாக நிறுத்தினார். முன்னும் பின்னும் தெருவைப் பார்த்தார். நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒன்றாக எரியவிட்டார். எஞ்சின் நின்றபடியே முதலாம் கியரைப் போட்டுத் திறப்பைத் திருப்பினார். கார் இரண்டு தரம் குலுங்கி, எஞ்சின் பிடித்து, ஓடத் தொடங்கியது.

கொஞ்சம் வேகம் வந்ததும் அக்சிலேற்றரை விட்டார். அந்தக் கணத்தில் கியர் இலகுவாகக் கழன்று நியூற்றலுக்கு வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்தார். எஞ்சின் சத்தம் தணிந்தது. இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். இரண்டாம் கியர் தானாக விழுந்தது போல விழுந்தது.

"கியரைத் தள்ளக் கூடாது, தங்கச்சி. சத்தத்தைக் கேக்க வேணும்."

ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸின் வேகத்துக்கு ஓடினால் ஏறலாம். நின்றபடி தாவினால் விழ வேண்டியதுதான். கியரும் அப்படியே. இரண்டு பக்கத்து வேகமும் ஒத்து வந்தால் பற்கள் சத்தமில்லாமல் கோர்த்துக்கொள்ளும். ஒத்து வராவிட்டால் கரகரவென்று அரைபடும். இந்த வேகத்தை ஒத்துவரச் செய்யும் வளையங்கள் இப்போதைய கார்களின் கியர்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. 1928 இல் அமெரிக்காவின் கடிலாக் கார்களில்தான் அவை முதலில் வந்தன. அதற்கு முந்திய சாரதிகள் பலர் சத்தத்தைக் கேட்டே கியரை மாற்றினார்கள்.

வேகத்தைக் குறைத்துக் கீழ்க் கியருக்கு வரும்போது வேலை மறுபக்கம். நியூற்றலுக்கு எடுத்து, அக்சிலேற்றரை ஒரு சின்ன மிதி மிதித்து எஞ்சின் வேகத்தைக் கூட்டி, பிறகு கீழ்க் கியரை மெதுவாக அழுத்த வேண்டும். முரசுமோட்டைப் பக்கம் ஒரு முறை அக்கா அப்படிச் செய்தார். சின்ன அரைபடல் கேட்டது. "அவசரப்பட்டிட்டன்" என்றார்.

அப்போதுதான் பின்னால் இருந்து அந்தத் தங்கை கேட்டாள்.

"அக்கா, கிளச் மிதிக்காமல் ஓடலாமெண்டால் நானும் ஓடலாமோ?"

எனக்குத் தொண்டை அடைத்தது. ஆறுதலாக "ஓம்" என்று சொல்லத்தான் வாய் வந்தது. அக்கா முந்திக்கொண்டார்.

"இது சரிவராது, பிள்ளை. இது இண்டைக்கு வீட்டை போறதுக்கு மட்டும். ஆனா உனக்கு ஓடுறதுக்கு வேற வழி இருக்கு. ஓட்டோவில கிளச் இடது கையில. பிரேக் வலது காலில. ஓட்டோ கியர்க் காருக்கு இடது கால் வேணவே வேண்டாம்."

தங்கை பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்குச் சின்னனில இருந்தே வாகனம் ஓட விருப்பம்."

சகோதரிகளே, சென்ற வருடம் அவளுடைய வாழ்வாதார உதவிப் படிவத்தை நிரப்பியவள் நான்தான். காலைப் பார்த்தேன், 'தையல் இயந்திரம்' என்று எழுதினேன். கால் மிதி உள்ள இயந்திரம். அதற்கும் கால் வேண்டும் என்பதுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. அவள் ஒற்றைக் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். உனக்கு என்ன விருப்பம் என்று நான் கேட்கவே இல்லை. அவளிடம் இல்லாமல் போனது கிளச் மிதிக்கும் கால் ஒன்றுதான். நானோ வாகனம் என்ற எண்ணத்தையே அவளுடைய வாழ்க்கையில் இருந்து வெட்டிவிட்டிருந்தேன்.

கராஜ் வாசலில் அக்கா கியரைக் கழற்றி, பிரேக் போட்டு நிறுத்தினார். புது வயர் போட ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

வாகனம் ஓட்டும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். இதைப் பழக்கமாக்க வேண்டாம். அரைபட்டால் கியர்ப் பெட்டி தேயும்; அதைத் திருத்தும் செலவில் பல கிளச் வயர்கள் வாங்கலாம். கியரில் வைத்து ஸ்ராட் செய்வது பற்றரிக்கும் ஸ்ராட்டருக்கும் பெரும் பாரம். ஏற்றத்திலும் சனம் நெருக்கமான இடத்திலும் முயற்சிக்கவே கூடாது. கார் உடனே பாய்வதால் முன்னால் ஆள் நிற்கக் கூடாது. அவசரமாக நிற்க வேண்டுமென்றால் பிரேக்கை அழுத்துங்கள். எஞ்சின் நின்றால் நிற்கட்டும். கிளச்சை மிதித்தால்தான் ஸ்ராட் ஆகும் புதிய கார்களில் இந்த வழி சரிவராது. எல்லாவற்றிலும் நல்லது, மிதி இறுகத் தொடங்கியதுமே வயரைக் காட்டுவது. ஒரு புது வயரைக் காருக்குள் வைத்திருங்கள்.

அந்தத் தங்கை இப்போது அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதற்கு மருத்துவச் சான்றிதழ் தேவை. அதை வழங்கும் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்துக்கு அவளோடு நானும் போகவிருக்கிறேன். என்ன சொல்வார்களோ என்று அவளுக்குப் பயம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. ஆனால் இம்முறை கேட்காமல் திரும்ப மாட்டோம்.

உங்களுக்கு உதவ வருகிறவர் படிவத்தை நிரப்பத் தொடங்கினால், பேனையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள். வருகிறவர் நானாக இருந்தாலும்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.